ஐரிஷ் மொழியில் போரில் வீழ்ந்தோரைப் பாடிய கவிதைகள்: எங்கிருந்து தொடங்குவது?

உப்புவெளி வாசகி:

அன்புடையீர், வணக்கம். திருகோணமலையில் எங்கள் வாசகர் வட்டம் அடுத்த கூட்டத்துக்குப் பிறமொழிகளின் கையறுநிலைப் பாடல்களை, அதாவது இறந்தோரை நினைந்து இரங்கும் பாடல்களை, பொருளாக எடுத்திருக்கிறது. எனக்கு அயர்லாந்து ஒதுக்கப்பட்டுள்ளது. உயர்தர வகுப்புகளுக்கு நெடுங்காலம் தமிழ் கற்பித்தவள் என்பதால் புறநானூற்றில் எனக்குத் தடுமாற்றம் இல்லை. அயர்லாந்தை மட்டும் ஆங்கிலத்தின் வழியாகவே அறிவேன். தேடத் தொடங்கிய நாள் முதல் யேட்ஸ், லெட்விட்ஜ் ஆகியோரின் பெயர்களே திரும்பத் திரும்ப எதிர்ப்படுகின்றன. இருவரும் ஆங்கிலத்தில் எழுதியவர்கள். ஐரிஷ் மொழியிலேயே பிறந்து, போரில் மாண்டவனை நினைந்து அழுத பாடல்கள் உண்டா என்பதே எனக்குத் தெரிய வேண்டியது.

கேள்வி எழுந்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். நிலாவெளி வீதியில், உப்புவெளியில் உள்ள போர் மயானத்தை எங்கள் ஊரில் அறியாதவர் இல்லை. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் எங்கள் துறைமுகத்தைத் தாக்கிய காலத்துக் கதைகளைக் கேட்டே எங்கள் தலைமுறை வளர்ந்தது. அந்த மயானத்தின் கற்கள் யாவும் ஓர் அச்சில் வார்த்தவை போன்றவை: மேலே படைப்பிரிவின் சின்னம், அதன் கீழ் பெயர், வயது, இறந்த தேதி. சில கற்களில் மட்டும், எல்லாவற்றுக்கும் அடியில், புல் வளர்ந்தால் மறைந்துபோகும் உயரத்தில், குடும்பத்தார் தெரிந்தெடுத்துக் கொடுத்த ஓரிரு வரிகள் இருக்கின்றன. மேற்பகுதியில் பேசுவது அரசு. அடிவரியில் பேசுவது வீடு. நம்முடைய புறப்பாடல்களிலும் இந்த இரண்டு குரல்களும் உள்ளன. ஊர் கூடிப் பெயர் பொறித்து, மயிற்பீலி சூட்டி நடும் கல்லைப் பற்றிய பாடல் ஒன்றென்றால், கணவனின் உடலைக் காட்டில் கண்டெடுத்த ஒருத்தி தன்னந்தனியே பேசும் பாடல் மற்றொன்று. ஐரிஷ் மொழியில் இவற்றுள் எந்தக் குரல் வலியது? எதை எடுத்து வைத்தால் எங்கள் வட்டத்தார் உட்கார்ந்து கேட்பார்கள்?

கொட்டியாரக்கரை:

ரீச்சர், உங்கள் கேள்விக்கு என் விடை நேரானது: வீட்டுக் குரலே வலியது, அதிலும் பெண்ணின் குரல். எய்லீன் டுவ் நீ கோனல் என்பவர் தம் கணவர் ஆர்ட் ஓ லாரியின் மீது பாடிய புலம்பலைத் தவிர்த்துவிட்டு ஐரிஷ் மொழியின் இரங்கற் கவிதையைப் பற்றி எவரும் பேச முடியாது.

ஆர்ட் ஓ லாரி ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவின் குதிரைப்படையில் பணியாற்றி, கப்டன் என்ற நிலையில் ஊர் திரும்பியவர். அக்காலத்து அயர்லாந்தில் கத்தோலிக்கர் ஒருவர் 5 பவுணுக்கு மேல் பெறுமதியுள்ள குதிரையை வைத்திருக்கச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. புரட்டஸ்தாந்தர் ஒருவர் அத்தொகையை நீட்டினால் குதிரையைக் கொடுத்துவிட வேண்டும். ஏபிரகாம் மொறிஸ் என்ற அதிகாரி அவ்வாறு கேட்டபோது ஆர்ட் மறுத்தார். பகை முற்றியது, அவர் சட்டத்துக்குப் புறம்பானவராக அறிவிக்கப்பட்டார், 1773 மே 4ஆம் தேதி கோர்க் மாவட்டத்தில் படைவீரரின் குண்டுக்கு இரையானார். அப்போது அவருக்கு வயது 26.

குதிரை மட்டும் கடிவாளம் தரையில் இழுபட வீட்டுக்கு வந்து சேர்கிறது. அதைக் கண்ட எய்லீன் மூன்று பாய்ச்சல் பாய்ந்ததாகப் பாடலில் தாமே சொல்கிறார்: முதற் பாய்ச்சலில் வாசற்படி, இரண்டாவதில் படலை, மூன்றாவதில் குதிரையின் முதுகு. முட்புதர் ஒன்றின் அருகில் கணவர் கிடக்கிறார். குருவானவர் இல்லை, செபம் சொல்ல எவரும் இல்லை. வயது முதிர்ந்த ஒரு கிழவி தன் மேலாடையை அவர் மீது விரித்திருக்கிறாள். இரத்தம் வழிந்துகொண்டிருக்கிறது. அதைத் துடைக்க நிற்காமல் உள்ளங்கையால் அள்ளிக் குடித்தேன் என்கிறார்.

இதற்கு அடுத்து வருவதுதான் உங்கள் வட்டத்துக்கு நான் காட்ட விரும்பும் பகுதி. எழுந்து நில், என்னோடு வீட்டுக்கு வா, மாடு வெட்டுவிப்போம், ஊரை விருந்துக்கு அழைப்போம், இசைக்காரரை வரவழைப்போம், வெள்ளை விரிப்புப் போட்டுப் படுக்கை அமைப்பேன் என்று பிணத்தோடு பேசுகிறார். புறநானூற்று 255ஆம் பாடலை நீங்கள் எத்தனையோ முறை கற்பித்திருப்பீர்கள். 'ஐயோ' என்று அலறினால் புலி வரும் என்று அஞ்சுகிறேன், அணைத்துத் தூக்கவோ உன் மார்பு அகன்றது, ஆகவே என் முன்கையைப் பிடித்துக்கொண்டு மலை நிழல் வரை சற்றே நடந்து வா என்று வன்பரணரின் பாடலில் ஒருத்தி கேட்கிறாள். இரண்டு பெண்களும் இறந்தவனிடம் கேட்பது ஒன்றே: கொஞ்சம் நட. ஒருவரை ஒருவர் கேள்வியுற்றிருக்க வழியே இல்லாத இரண்டு மரபுகள் இங்கே வந்து சந்திக்கின்றன. நான் முதலில் வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

இன்னுமொரு செய்தி. இப்பாடல் எழுத்தில் பிறந்ததன்று. வாய்வழியே வழங்கி, 1800ஆம் ஆண்டு அளவில் ஒப்பாரி பாடுவதில் தேர்ந்த கிராமத்துப் பெண் ஒருவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளப்பட்டது. இழவு வீட்டில் முன்னின்று அழுது பாடும் பெண்கள் நம் ஊர்களில் இருந்ததைப் போலவே அங்கும் இருந்தார்கள். ஆயர்கள் அவர்களைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டித்தும் அந்த வழக்கம் 19ஆம் நூற்றாண்டையும் தாண்டி உயிரோடிருந்தது.

சீனன்குடா நூலகன்:

மேலே எழுதிய அன்பர் நல்ல பாடலைக் காட்டியிருக்கிறார். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கேட்கப்பட்டது போரில் வீழ்ந்தவரைப் பற்றி. ஆர்ட் ஓ லாரி போரில் சாகவில்லை. ஒரு குதிரைத் தகராற்றில், சாதி வேறுபாட்டைப் போன்ற ஒரு மதச் சட்டத்தின் கொடுமையில் செத்தார். அதைப் போர்க்கவிதை என்று வட்டத்தில் அறிமுகம் செய்தால் யாராவது ஒருவர் எழுந்து கேள்வி கேட்பார், கேட்கவும் வேண்டும்.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. முதலாம் உலகப் போரில் ஏறத்தாழ 2 இலட்சம் ஐரிஷ்காரர்கள் பிரித்தானியப் படையில் சேவை செய்தார்கள்; அவர்களுள் பல்லாயிரவர் திரும்பவில்லை. ஆனாலும் அவர்களுக்காக ஐரிஷ் மொழியில் அக்காலத்தில் எழுந்த கவிதை மிகச் சொற்பம். காரணம் அரசியல். 1893இல் கேலிக் கழகம் தோன்றியதிலிருந்து ஐரிஷ் மொழியை மீட்பதும் நாட்டை மீட்பதும் நெருங்கிவந்து ஒன்றாகிவிட்டன. அந்த மொழியில் எழுத முன்வந்தவர்களுள் பலர் மன்னரின் சீருடைக்கு எதிர்த்திசையில் நின்றார்கள். 1916 ஏப்ரலில் டப்ளினில் பிரித்தானிய ஆட்சிக்கு எதிரான ஆயுத எழுச்சி நடந்தது; அதே ஆண்டு ஜூலையில் பிரான்சில், பிரித்தானியப் படை போரிட்ட சோம் நதிக்கரைப் போர் தொடங்கியது. முன்னதில் மாண்டவர்கள் தியாகிகள் ஆனார்கள். பின்னதில் மாண்டவர்களின் தாய்மார் படத்தை அலுமாரிக்குள் வைத்து அழுதார்கள் என்று சொல்வது மிகையாகாது.

எழுச்சியின் தலைவர்களுள் ஒருவரான பாட்ரிக் பியர்ஸ் ஐரிஷ் மொழியில் எழுதிய கவிஞர். எழுச்சிக்கு முன்பே வெளிவந்த அவருடைய கவிதை ஒன்றில், அழகை ஆடையின்றிக் கண்டதாகவும், கண்ணையும் காதையும் மூடிக்கொண்டு, நெஞ்சை இறுக்கிக்கொண்டு, தன் முன் கிடக்கும் பாதையில், தான் செய்யப்போகும் செயலையும் சாகப்போகும் சாவையும் நோக்கி முகம் திருப்பியதாகவும் சொல்கிறார். 1916 மே 3ஆம் தேதி அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். ஒருவன் தனக்கே முன்கூட்டிப் பாடிக்கொண்ட கையறுநிலை என்று இதைக் கொள்ளலாம். எனக்கு இதில் ஓர் ஒவ்வாமையும் உண்டு. சாவை இவ்வளவு அழகாக விரும்புகிறவரைப் பின்தொடர்ந்து போகும் இளைஞர்களைப் பற்றி நம் நாட்டில் வாழ்கிறவர்கள் யோசிக்காமல் இருக்க முடியாது.

இனி லெட்விட்ஜ். ரீச்சர் அவரை ஆங்கிலத்தில் எழுதியவர் என்று ஒதுக்கியது எனக்கு உடன்பாடில்லை. பிரான்சிஸ் லெட்விட்ஜ் பிரித்தானியப் படையில் சேர்ந்து கலிப்போலியில் போரிட்டவர். பியர்ஸ் கொல்லப்பட்ட அதே நாளில் கொல்லப்பட்ட தோமஸ் மக்டோனா அவருடைய நண்பர். நண்பரைக் கொன்ற அரசின் சீருடையை அணிந்துகொண்டே அவர் அந்த நண்பருக்காக இரங்கற்பா எழுதினார். அது ஆங்கிலந்தான், ஆனால் அதன் ஓசை ஐரிஷ். ஓரடியின் கடைசிச் சொல்லின் ஒலி அடுத்த அடியின் நடுவில் வந்து ஒலிக்கும் பழைய ஐரிஷ் யாப்பு முறையை அதில் கையாண்டிருக்கிறார். முதலடியில் அவர் அழைத்து வரும் பறவையும் ஐரிஷ் கவிதையிலிருந்து வந்தது: உறைந்துபோன ஏரிக்கரையில் தாகத்தால் செத்த நாரையினப் பறவையைப் பற்றிக் கஹல் புயி என்ற பழைய கவிஞர் பாடியதை மக்டோனாவே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருந்தார். இனி அந்தப் பறவையின் குரல் நண்பனுக்குக் கேட்காது என்று லெட்விட்ஜ் தொடங்குகிறார். 1917 ஜூலை 31ஆம் தேதி பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே குண்டு விழுந்து அவரும் மாண்டார். அதே நாளில், அதே போர்முனையில், வெல்ஷ் மொழிக் கவிஞர் ஹெத் வின் கொல்லப்பட்டார். சில வாரங்களில் கூடிய வெல்ஷ் கவிஞர் பெருவிழாவில் அவருடைய கவிதைக்கே முதற்பரிசு கிடைத்தது. பரிசாகிய நாற்காலியைக் கறுப்புத் துணியால் மூடி வைத்தார்கள். வெல்ஷ் மொழிக்கு வாய்த்த அந்தப் பொது இரங்கல் ஐரிஷ் மொழிக்கு வாய்க்கவில்லை. இந்த ஒப்பீட்டை வட்டத்தில் கட்டாயம் சொல்லுங்கள்.

மூதூர் மீரா:

இருவரும் ஒரு கவிதையைத் தாண்டிப் போய்விட்டீர்கள். ரீச்சர் கேட்ட அரசுக் குரலுக்கு ஐரிஷ் மொழியில் நேரடிச் சான்று இருக்கிறது, அதுவும் கல்லிலேயே வெட்டப்பட்டு.

டப்ளின் நகரின் பார்னல் சதுக்கத்தில் நினைவுப் பூங்கா ஒன்று உள்ளது. அயர்லாந்தின் விடுதலைக்காக உயிர்நீத்தோருக்கென்று, எழுச்சியின் 50ஆம் ஆண்டு நிறைவில், 1966இல் திறக்கப்பட்டது. நடுவே சிலுவை வடிவத்தில் ஒரு நீர்த்தடாகம். அதன் தரையில் வாள், ஈட்டி, கேடயம் ஆகியவற்றை நிறக் கற்களால் பதித்திருக்கிறார்கள். போர் முடிந்ததும் ஆயுதங்களை முறித்து நீரில் எறிந்துவிடும் பண்டைய கெல்திய வழக்கத்தை அது குறிக்கிறது. தடாகத்தின் கோடியில் நான்கு குழந்தைகள் அன்னங்களாக மாறும் தறுவாயில் நிற்கும் சிலை 1971இல் வைக்கப்பட்டது. மாற்றாந்தாயின் சாபத்தால் 900 ஆண்டுகள் அன்னங்களாக அலைந்த லிர் மன்னனின் பிள்ளைகள் அவர்கள்.

அங்கே பொறிப்பதற்கென்று நடத்தப்பட்ட போட்டியில் 1976இல் லியம் மக் இஷ்டின் எழுதிய ஐரிஷ் கவிதை தெரிந்தெடுக்கப்பட்டது. இன்று அது ஐரிஷ், ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய மூன்று மொழிகளில் சுவரில் இருக்கிறது. அதில் பேசுவோர் மாண்டவர்கள். நம்பிக்கை இழந்த இருளில் எங்களுக்கு ஒரு கனவு தோன்றியது, நாங்கள் ஒளியேற்றினோம், அது அணையவில்லை என்று தொடங்கி, பாலையில் நட்ட மரம் பூத்ததையும், பனி உருகி ஆறாக ஓடியதையும், அந்த ஆற்றில் தங்கள் கனவை அன்னம்போல மிதக்கவிட்டதையும் சொல்லி, விடுதலை பெற்ற தலைமுறைகளே, கனவு கண்ட தலைமுறைகளாகிய எங்களை நினைவில் வையுங்கள் என்று முடிக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஐரிஷ் கவிஞர்கள் கனவுக்காட்சிப் பாடல் என்ற வகையை வளர்த்தார்கள்; அயர்லாந்து ஒரு பெண்ணாகக் கவிஞனின் கனவில் தோன்றித் தன் துயரைச் சொல்லி, மீட்சி வருமென்று ஆறுதல் பெறுவாள். மக் இஷ்டின் அந்தப் பழைய சட்டகத்தையே எடுத்து, கனவு கண்டவர்களாக இறந்தோரை நிறுத்தியிருக்கிறார்.

நம் நடுகல் மரபில் உயிரோடிருப்பவர்கள் கல்லைப் பார்த்துப் பேசுவார்கள். நெல் தூவி வழிபட இந்தக் கல்லைத் தவிர வேறு கடவுள் இல்லை என்று மாங்குடி கிழார் பாடியது அந்த வகை. டப்ளினில் கல் நம்மைப் பார்த்துப் பேசுகிறது. ஆனால் கவிதை என்ற அளவில் எய்லீனின் பக்கத்தில் இதை வைக்க நான் துணிய மாட்டேன். ஒருவருடைய பெயரும் இதில் இல்லை, ஒரு குதிரையும் ஒரு படலையும் இல்லை. பொதுவிடத்துக்கு எழுதும்போது நேரும் இழப்பு அது.

நூலகன் சொன்ன மற்றப் பக்கத்துக்கும் டப்ளினில் ஓர் இடம் உண்டு. பிரித்தானியப் படையில் மாண்ட ஐரிஷ்காரருக்காக ஐலண்ட்பிரிஜ் என்ற இடத்தில் அமைந்த பூங்காவை எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்தார். டில்லியின் இந்தியா கேட்டை வடிவமைத்தவரும் அவரே. 1930களின் இறுதியில் கட்டுமானம் முடிந்திருந்தும், பல ஆண்டுகள் பராமரிப்பின்றிக் கிடந்து, சீரமைக்கப்பட்டு, 1988இல்தான் முறைப்படி திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில், வடஅயர்லாந்தின் எனிஸ்கிலன் நகரில், போரில் மாண்டோரை நினைவுகூரக் கூடியிருந்த மக்கள் நடுவே குண்டு வெடித்துப் பொதுமக்கள் உயிரிழந்தார்கள். 2011இல் எலிசபெத் மகாராணி டப்ளின் சென்றபோது இரண்டு பூங்காக்களிலும் மலர்வளையம் வைத்தார். விடுதலைக்காக மாண்டோரின் பூங்காவில் அவர் தலை தாழ்த்தியதைப் பலர் இன்றும் பேசுகிறார்கள்.

உப்புவெளி வாசகி:

மூவருக்கும் நன்றி. லெட்விட்ஜை ஒதுக்கியது பற்றி நூலகன் ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். அவரை ஹெத் வின்னோடு சேர்த்துப் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டு, மிகுதி நேரம் முழுவதையும் எய்லீனுக்குக் கொடுக்க எண்ணியிருக்கிறேன். போரில் சாகாதவர் என்ற தடையை நான் பொருட்படுத்தப் போவதில்லை. எங்கள் வட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களுமாக இருக்கிறோம். போர்முனையில் பிள்ளையை இழந்தவர்களும், சோதனைச்சாவடியில் கணவனை இழந்தவர்களும், யார் கொண்டுபோனார்கள் என்றே அறியாதவர்களும் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் போய் இது போர்ச்சாவு, இது போர்ச்சாவு அன்று என்று கோடு கிழிக்க எனக்கு வாய் வராது. பியர்ஸின் கவிதையை வாசிப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஒரு சிறு உதவி தேவை. எய்லீனின் பாடலிலிருந்து சில பகுதிகளைத் தமிழில் சொல்ல முயல்கிறேன். அகவலில் அமைத்தால் சங்கப் பாடலைப் போல மிடுக்காக வருகிறது, ஆனால் அழுகை வற்றிப்போகிறது. ஒப்பாரியின் நடையில் அமைப்பது தகுமா? எந்தப் பகுதிகளை எடுப்பது?

கொட்டியாரக்கரை:

ரீச்சர், ஒப்பாரியே தகும். மூலத்தின் அடிகள் குறுகியவை. ஒரு பத்தியின் அடிகள் பெரும்பாலும் ஒரே உயிரொலியில் போய் முடியும். பத்திகள் பல, என் உறுதியான அன்பே, என் தோழனே என்பன போன்ற விளியோடு தொடங்கும். நம் ஊர்ப் பெண்கள் 'என்ர ராசா' என்று எடுத்து, மூச்சு விடும் இடத்தில் அடியை முறித்து, கடைசி ஓசையை இழுத்து நிறுத்துவதும் இதே கட்டமைப்புத்தான். எதுகைக்காகச் சொல் தேடாதீர்கள். அடியின் இறுதி ஓசையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். நூலகன் ஐயாவின் தடைக்கு நீங்கள் சொன்ன விடைக்கு மேல் நான் சேர்க்க ஒன்றும் இல்லை.

பகுதிகளைப் பொறுத்தவரை, குதிரை திரும்பி வருவதும் மூன்று பாய்ச்சலும் எப்படியும் வேண்டும். எழுந்து வீட்டுக்கு வா என்று அழைக்கும் இடமும் வேண்டும். இவற்றை எவரும் தெரிவுசெய்வார்கள். நான் வற்புறுத்துவது பலரும் நேரமின்மையால் விட்டுவிடும் ஓர் இடத்தை. இழவு வீட்டில் ஆர்ட்டின் சகோதரி எழுந்து, கோர்க்கிலிருந்து எத்தனையோ அழகிய பெண்கள் பொன்னும் சீதனமும் கொண்டு உனக்கு வாழ்க்கைப்பட்டிருப்பார்கள், உன் பிணம் கிடக்கும் இரவில் அவர்கள் படுக்கைக்குப் போயிருக்க மாட்டார்கள் என்று அண்ணியைக் குத்திப் பாடுகிறாள். எய்லீன் விடாமல், ஆர்ட்டை நோக்கியே பதில் கொடுக்கிறார்: நான் தூங்கப் போகவில்லை, அழுத உன் பிள்ளைகளைத் தூங்கவைக்கப் போனேன். பிணத்தின் இரு பக்கமும் மச்சாளும் மச்சாளும் நின்று பாட்டிலேயே சண்டை பிடிக்கும் அந்த இடத்தை நீங்கள் வாசித்தால், உங்கள் வட்டத்தில் உள்ள வயதான பெண்கள் இது எங்கோ அயர்லாந்தில் நடந்தது என்று நம்ப மறுப்பார்கள். இரண்டு குரலாக வாசியுங்கள்; சகோதரியின் பகுதிக்கு வட்டத்திலிருந்தே ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் வாய்த்துடுக்கு உள்ளவராகப் பார்த்து.